மொட்டை மரமெல்லாம் பட்ட மரம் அல்ல

மார்ச் மாதம் தெப்பக்காடு, மசினகுடி வழியாகப் போகிறவர்கள் பலர் சொல்வது, "காடே காய்ஞ்சு போச்சே!" முதல் தவறு அதுதான். இந்த ஊர்கள் இருக்கும் முதுமலைப் புலிகள் காப்பகத்தின் தேக்கும் வெக்காலியும் கருமருதும் கோடையில் தாமாகவே இலையைக் கழற்றிவிடுபவை. மண்ணில் ஈரம் குறையும்போது இலை வழியே ஆவியாகும் நீரை மிச்சம் பிடிக்கிற வேலை அது. புரசும் இலவும் அந்த மொட்டைக் கோலத்தில்தான் பூக்கின்றன. இரண்டையும் ஒரே மரம் என்று நினைத்துவிட வேண்டாம்: புரசின் பூ கிளிமூக்கு மாதிரி வளைந்திருக்கும், இலவின் பூ தடித்த ஐந்து இதழோடு பெரிதாக விரியும்.

இலை இல்லாத நேரத்தில் பட்டையைப் பாருங்கள். கருமருதுக்கு முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்த பட்டை. வெக்காலிக்கு வெளிர் சாம்பல் நிறம். பெயரை வைத்து உறவு சொல்வதும் தவறு. வெண்தேக்குக்கும் தேக்குக்கும் சம்பந்தமில்லை. அது மருதாணியின் குடும்பம்!

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். மஞ்சளாகப் பூத்து நிற்கும் மரத்தையெல்லாம் சரக்கொன்றை என்று படம் பிடிக்கிறார்கள். சரக்கொன்றையின் பூ சரமாகக் கீழே தொங்கும், சிற்றிலைகள் அகலமாக, குறைவாக இருக்கும். பூங்கொத்து மேல்நோக்கி நின்று, சிற்றிலைகள் சிறிதாக நிறைய இருந்தால் அது பெரும்பாலும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, இன்று நம் காட்டுக்குள் அடர்ந்து புல்லையும் நாட்டு மரக் கன்றுகளையும் அமுக்குகிறது. சரி, வெட்டினால் தீருமா? அதுவும் தவறான கணக்கு. வெட்டிய கட்டையிலிருந்து பல கிளைகள் துளிர்க்கும். அதனால்தான் கன்றை வேரோடு பிடுங்குவதும், பெரிய மரத்தில் அடிப்பகுதிப் பட்டையைச் சுற்றிலும் உரிப்பதும்.

அப்புறம் உண்ணிச்செடி, அதாவது லேண்டானா. மழைக்குப் பின் சாலையோரம் பச்சைப்பசேல் என்று இருப்பதைப் பார்த்துக் காடு செழிப்பாக இருப்பதாக நினைக்கிறோம். பல இடங்களில் அந்தப் பச்சை, மான்கள்கூட விரும்பித் தின்னாத இந்தப் புதர்தான். காய்ந்தால் தீக்கும் நல்ல விறகு. அதன் குச்சியில் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் நிஜ யானை அளவுக்கே யானைச் சிற்பங்கள் செய்கிறார்கள் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

இதையெல்லாம் சரிபார்க்கிறேன் என்று வண்டியை விட்டு இறங்காதீர்கள். புலிகள் காப்பகச் சாலையில் அதற்கு அனுமதி இல்லை. பட்டையும் பூவும் ஜன்னலிலிருந்தே நன்றாகத் தெரியும்.