ரீபர்பிஷ்ட் லெப்டொப்: காசு கொடுக்கும் முன் கடையிலேயே பார்க்க வேண்டியவை

ரீபர்பிஷ்ட் லெப்டொப், அதாவது ஒருவர் பாவித்ததைச் சரிபார்த்து மறுபடி விற்பது, வாங்கலாமா என்று தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம், இதையும் அப்படி வாங்கிய ஒன்றில்தான் எழுதுகிறேன். ஆனால் கொழும்பில் வாங்கி ஹட்டனுக்குக் கொண்டுவந்த பிறகு பழுது தெரிந்தால், திருப்பிக் கொடுக்கப் போய்வரவே ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போய்விடும். அதனால் கடையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்து முடியுங்கள்.

1. மொடல். கம்பனிகள் பாவித்துக் கழிக்கும் லெனோவோ திங்க்பேட், டெல் லெட்டிடியூட், எச்பி எலைட்புக், இந்த மூன்றைத்தான் சொல்வேன். அதே விலைக்கு வரும் புது மலிவு லெப்டொப்பைவிட இவை உறுதி.

2. பயோஸ் பூட்டு. பயோஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங், அதற்கு பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டலாம். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். தங்கச்சிக்கு வாங்கிய லெப்டொப் கடையில் நன்றாகவே ஓடியது, விண்டோஸும் புதிதாகப் போட்டிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து பென் டிரைவில் இருந்து மறுபடி விண்டோஸ் போடப் போனால் பாஸ்வேர்ட் கேட்கிறது, முன்பு பாவித்தவர்கள் போட்டது. உள்ளே இருக்கும் சின்ன வட்ட பெட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்று ஒருவர் சொல்ல, ராத்திரி முழுக்க அதையே செய்து பார்த்தேன், போகவில்லை. கம்பனி வகை லெப்டொப் பலவற்றில் அந்த பாஸ்வேர்ட் கரண்ட் இல்லாமலும் அழியாத ஒரு சிப்பில் இருக்கிறது. விற்றவர் கையை விரித்துவிட்டார்.

ஆகவே கடையில் லெப்டொப்பை முழுதாக அணைத்துவிட்டுப் போடுங்கள். போட்டவுடன் டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, திங்க்பேட் என்றால் எஃப்1 விடாமல் தட்டுங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம். கேட்காவிட்டாலும் உள்ளே போய், பூட் வரிசையை (டிஸ்க்கா பென் டிரைவா, எதில் இருந்து முதலில் தொடங்குவது என்பதை) மாற்றி சேவ் ஆகிறதா என்று பாருங்கள்.

3. பெட்டரி. மூலையில் 100% காட்டுவதை நம்ப வேண்டாம். விண்டோஸில் கட்டளை அடிக்கும் கமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி', ஓர் இடைவெளி, சாய்கோடு, 'பெட்டரிரிப்போர்ட்' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் ஓர் அறிக்கை வரும். அதில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் பிடித்த அளவு) 50,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது பிடிக்கும் அளவு) 25,000 என்றால் பெட்டரி பாதி போய்விட்டது. 70 வீதத்துக்குக் கீழே இருந்தால் புது பெட்டரி விலையைக் கழித்துத்தான் நான் பேசுவேன், காற்று மழைக்குக் கரண்ட் போகும் லயத்து வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

4. டிஸ்க். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளை பென் டிரைவில் கொண்டுபோய்த் திறங்கள். 'குட்' என்று வர வேண்டும். அப்புறம் கீபோர்ட், கெமரா, வைஃபை, யூஎஸ்பி துளைகள் எல்லாம் ஒரு தடவை.

5. பில். சீரியல் நம்பரும் வொரண்டி மாதமும் எழுத்தில் இருக்க வேண்டும். விற்றவர் மறுத்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிட அதுதான் கையில் இருக்கும்.

பின்சேர்க்கை: பண்டாரவளையில் இருந்து ஒருவர் இன்டெல் ஐ5-7200 யூ ப்ரொசெஸர் உள்ள லெப்டொப் மலிவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது வேண்டும், இது 7ஆம் தலைமுறை. இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து 8ஆம் தலைமுறை ஐ5-8250 யூ உள்ளதைப் பாருங்கள்.