சரக்குப் பெட்டிகளுக்கான ஆர்எஃப்ஐடி லேபிளை வடிவமைக்கும் முறை

ஆர்எஃப்ஐடி லேபிள் என்பது சிப்பும் ஆன்டெனாவும் பதித்த, ரேடியோ அலைகளால் தொலைவிலிருந்தே படிக்கத்தக்க லேபிள். அதை வரையத் தொடங்கும் முன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் லேபிளைப் படிக்கப் பயன்படும் 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை நீர் உறிஞ்சிவிடும், உலோகமோ அவற்றைத் திருப்பி அனுப்புவதோடு ஆன்டெனாவின் ஒத்திசைவையும் குலைத்துவிடும். துணி, காகிதம் போன்றவை அடைத்த பெட்டியில் எங்கு ஒட்டினாலும் பெரும்பாலும் சிக்கல் எழாது. பானப் புட்டிகள் அடுக்கிய பெட்டியிலோ, புட்டிகளின் கழுத்தையொட்டிக் காற்றிடைவெளி இருக்கும் உயரத்தைத் தேர்ந்து அங்கே ஒட்டுவதே நல்லது.

ஆன்டெனாவின் நுனி, லேபிளைப் படிக்கும் கருவியான ரீடரை நோக்கி நின்றால் லேபிள் படிக்கப்படாமல் போகலாம் என்பதால், ரீடர் உள்ள கதவு வழியே பெட்டி எப்படித் திரும்பிச் செல்லும் என்பதையும் முன்கூட்டியே கணிக்க வேண்டும்.

சிப் இருக்கும் இடம் சற்றே மேடாக இருக்கும். அச்சுமுனை அங்கே சீராகப் படியாது. பார்கோடை அதன்மேல் அமைத்தால் கோடுகள் விட்டுப்போகும்.

பெட்டியின் அடையாளமாக, பார்கோடு தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் 18 இலக்க எண்ணைப் பயன்படுத்துவதாயின், சிப்பில் பதியும் அதற்குரிய 96 பிட் குறியீட்டில், அந்த எண்ணின் கடைசியில் பிழையைக் கண்டறிய வைத்துள்ள சரிபார்ப்பு இலக்கம் சேர்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மென்பொருள்தான் அதை மீண்டும் கணக்கிட்டுச் சேர்க்கும். மென்பொருள் எழுதுபவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இதுவே. சிப் பழுதானாலும் பெட்டியை அடையாளம் காண, அதே எண்ணைப் பார்கோடாகவும் கண்ணால் படிக்கத்தக்க இலக்கங்களாகவும் லேபிளில் அச்சிட வேண்டும்.

காலிப் பெட்டியில் செய்யும் சோதனை எதையும் நிரூபிக்காது. சரக்கு நிரப்பி, பலகைமேல் அடுக்கி, வழக்கமான வேகத்தில் நகர்த்தியே சோதிக்க வேண்டும்.