தன் வேலையில் இருக்கும் ஓட்டையைத் தானே கண்டுபிடிக்க ஊழியர்களைப் பழக்குவது எப்படி?

உள்கட்டுப்பாடு, அதாவது தப்பையும் மோசடியையும் தடுக்க நிறுவனம் வைத்திருக்கும் விதிகள், பற்றிய கேள்விப் பட்டியலை ஊழியர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, டிக் அடித்துத் திருப்பி அனுப்பச் சொன்னால், ஏறக்குறைய எல்லாக் கட்டத்திலும் ‘ஆம்’ என்றுதான் வரும். மாதா மாதம் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கிறீர்களா? ஆம். பில்லுக்கு இரண்டு பேர் ஒப்புதல் தருகிறார்களா? ஆம். யாரும் பொய் சொல்வதில்லை. ‘அப்படி ஒரு விதி இருக்கிறதா’ என்று கேட்பதாகவே அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த விதி தப்பைப் பிடிக்கிறதா என்று சோதித்துப் பார்க்க அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பயிற்சி கற்றுத்தர வேண்டியது அதைத்தான்.

கனடாவில் கல்ஃப் கனடா என்ற எண்ணெய் நிறுவனத்தின் உள்தணிக்கைப் பிரிவு 1987-ல், ஊழியர்களே தங்கள் கட்டுப்பாடுகளை மதிப்பிடும் வழக்கத்தைத் தொடங்கியது. வேலை செய்கிறவர்களையே ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். இன்றைக்கும் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல வழி இல்லை.

ஆட்களைக் கூட்டும் முன்

ஒரு துறையை முழுதாக எடுக்காதீர்கள். ஒரே ஒரு வேலையோட்டத்தை எடுங்கள். ‘கணக்குத் துறை’ என்றால் பேச்சு எங்கெங்கோ போகும். ‘சப்ளையர் பில் வந்ததிலிருந்து பணம் போவது வரை’ என்றால் பேச்சு நிற்கும் இடத்தில் நிற்கும். 8 முதல் 12 பேர் போதும். பில்லைப் பதிவு செய்கிறவர், சரக்கை எண்ணி இறக்குகிறவர், பணம் அனுப்பும் பொத்தானை அழுத்துகிறவர் எல்லோரும் இருக்க வேண்டும். நடத்த ஒருவர், எழுத ஒருவர் என இரண்டு பேர் வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் இரண்டும் கெடும்.

இரண்டு அரைநாள் அமர்வுகள், நடுவில் ஒரு வார இடைவெளி. அந்த வாரம்தான் பயிற்சியின் உயிர்.

மேலாளரை முதல் அமர்வில் உட்காரவைக்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், “அவசரம்னா சார் கையெழுத்தைப் பிறகு வாங்கிக்கொள்வோம்” என்ற வாக்கியம் அவர் முன்னால் வெளியே வராது.

முதல் அமர்வு: வாக்கியம் எழுதப் பழக்குங்கள்

இந்த வேலையில் என்ன தப்பு நடக்கலாம், அதாவது இடர் என்ன என்று கேட்டால் ‘மோசடி’, ‘கணினிக் கோளாறு’, ‘கவனக்குறைவு’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதுவார்கள். ஒற்றைச் சொல்லுக்குக் கட்டுப்பாடு அமைக்க முடியாது. எதனால், என்ன நடக்கும், அதனால் என்ன இழப்பு என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். இப்படி:

‘சப்ளையரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக வரும் கடிதத்தை நம்பிக் கணக்கு எண்ணை மாற்றுவதால், பணம் வேறொருவர் கணக்குக்குப் போய்விடும், திரும்பக் கிடைக்காது, சப்ளையருக்கு மறுபடி தர வேண்டிவரும்.’

இப்போது கட்டுப்பாட்டை எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் ‘சரிபார்த்த பிறகே மாற்றுவோம்’ என்று எழுதுவார்கள். அதை ஏற்காதீர்கள். யார் சரிபார்ப்பார், எப்போது, எதை எதனோடு, செய்ததற்குச் சாட்சி எது என்று நான்கையும் கேளுங்கள். சரியான வடிவம் இது: ‘எண்ணை மாற்றும் முன், பதிவு செய்பவர் அல்லாத வேறொருவர், சப்ளையர் கோப்பில் ஏற்கெனவே இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து உறுதிசெய்வார், பேசியவர் பெயர், தேதி, நேரத்தை மாற்றப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திடுவார்.’ ‘ஏற்கெனவே இருக்கும்’ என்ற சொல்லில்தான் கட்டுப்பாடே இருக்கிறது. கடிதத்தில் அச்சிட்ட எண்ணுக்கு அழைத்தால், கடிதம் அனுப்பிய திருடனே எடுத்து “ஆமாம், மாற்றிவிட்டோம்” என்பான்.

இப்படி ஐந்தாறு வாக்கியங்கள் தேறினாலே அந்த அமர்வு வெற்றி.

அடுத்து மதிப்பெண். நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5. கட்டுப்பாடே இல்லை என்று வைத்து ஒருமுறை, இருக்கிற கட்டுப்பாட்டோடு இன்னொருமுறை போட வேண்டும். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை முன்பே எழுதி ஒட்டுங்கள்; ‘4 என்றால் வருடத்தில் சில முறை நடக்கும்’ என்பதுபோல. இல்லையென்றால் ஒவ்வொருவர் மனதில் ஒரு 4 இருக்கும். வாக்கைச் சீட்டில் எழுதி மறைவாக வாங்குங்கள். ஒருவர் 2, ஒருவர் 5 போட்டிருந்தால் சராசரி எடுத்து நகர்ந்துவிடாதீர்கள். 5 போட்டவர் பார்த்த ஏதோ ஒன்றை மற்றவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். எந்தச் சீட்டு யாருடையது என்று தேடாமல், “5 வர என்ன காரணம் இருக்கலாம்?” என்று பொதுவாகக் கேளுங்கள்.

நடுவாரம்: கையால் சோதிப்பது

ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டுப்பாட்டைச் சோதிக்கக் கொடுங்கள். தான் செய்யும் கட்டுப்பாட்டைத் தானே சோதிக்கக் கூடாது. பக்கத்து மேசைக்காரருடையதை எடுக்கட்டும். மாதம் ஒருமுறை நடப்பது என்றால் 2 மாதங்கள், வாரம் ஒருமுறை என்றால் 5, தினமும் என்றால் 20 முதல் 25 மாதிரிகள் என்பது தணிக்கையில் பரவலாக உள்ள அளவு.

மாதிரியை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஒப்புதல் கோப்பைத் திறந்து அதிலிருந்து எடுத்தால் எல்லாவற்றிலும் கையெழுத்து இருக்கும். கையெழுத்து இருப்பதால்தானே அவை அந்தக் கோப்பில் இருக்கின்றன! பணம் போன முழுப் பட்டியலைக் கணினியிலிருந்து எடுத்து, அதிலிருந்து தேர்ந்து, பிறகு ஒப்புதலைத் தேட வேண்டும்.

நம் கணக்கையும் வங்கி அறிக்கையையும் ஒப்பிட்டு வித்தியாசங்களை எழுதும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலைச் சோதிக்கிறவருக்கு மூன்று இடங்களைக் காட்டுங்கள். முதலில் தேதி: வெவ்வேறு மாதப் பட்டியல்களிலும் ஒரே நாள் கையெழுத்து என்றால் தணிக்கைக்காக மொத்தமாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது, பட்டியலில் உள்ள வங்கி இருப்பு வங்கி அறிக்கையோடு பொருந்துகிறதா என்பது. மூன்றாவது, தீராமல் நிற்கும் இனங்கள். ஒரே தொகை மூன்று மாதமாக ‘விசாரணையில்’ என்று நின்றால், பட்டியல் தயாராகிறது, கட்டுப்பாடு வேலை செய்யவில்லை.

இரண்டாம் அமர்வு

இதில் மேலாளர் இருக்க வேண்டும், ஏனென்றால் ஆளையும் நேரத்தையும் ஒதுக்க அவரால்தான் முடியும். கண்ட ஒவ்வொரு குறைக்கும் திருத்தம், பொறுப்பாளர், தேதி எழுதுங்கள். ‘இனி கவனமாக இருப்போம்’ என்பது திருத்தம் ஆகாது. ‘கணக்கு எண்ணை மாற்றும் அனுமதியைப் பணம் அனுப்புகிறவரிடமிருந்து எடுத்துவிடுவோம்’ என்பதுதான் திருத்தம். தேவையில்லாத கட்டுப்பாடு தென்பட்டால் அதையும் நீக்குங்கள். நான்காவது கையெழுத்துப் போடுகிறவர் முன்னால் உள்ள மூன்றை நம்பிப் படிக்காமலேயே போடுவார்.

முதன்முதலில் குறையைச் சொன்னவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனால், அடுத்த ஆண்டு மறுபடியும் எல்லாம் ‘ஆம்’ ஆகிவிடும். அப்படிக் கடிதம் போகாது என்று தலைமை முன்கூட்டியே எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். ஆனால் வேண்டுமென்றே செய்த திருட்டு இந்த உறுதியில் அடங்காது. இரண்டு பேர் கூட்டுச்சேர்ந்து செய்வதை இந்த அறையில் யாரும் வாய்திறந்து சொல்லவும் மாட்டார்கள். அதற்கு ரகசியமாகப் புகார் சொல்லும் வழி தனியாக இருக்க வேண்டும்.

ஊழியர்கள் சோதித்த மாதிரிகளில் இரண்டு மூன்றை உள்தணிக்கையாளர் திரும்பச் சோதிக்கட்டும். முடிவு மாறினால் அந்த ஊழியரோடு உட்கார்ந்து அதே ஆவணத்தை வைத்து விளக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். புது மென்பொருள் வந்தாலோ முக்கியமான ஒருவர் வேலையை விட்டுப் போனாலோ மட்டும், ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல் அந்த வேலையோட்டத்தை உடனே எடுங்கள்.