"சும்மா கூலி வேலைதானே" என்பவரிடம் கூடுதல் சம்பளம் கேட்பது எப்படி

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பசாரில் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும்: செம்பனைப் பழம் வெட்டுறது, கக்கூஸ் கழுவுறது, கேட்டில் நிற்கிறது எல்லாம் ஒரு வேலையா, யார் வேண்டுமானாலும் செய்யலாம், அதற்கு எதற்குக் கூட்டிக் கொடுக்கணும். அவர் தட்டில் இருக்கும் ரொட்டி சானாயை வீசிப் போட்டவரும் அந்தப் பட்டியலில்தான் வருவார் என்பது அவருக்குத் தோன்றாது. அவரோடு வாதாடி ஜெயிப்பதற்காக இதை நான் எழுதவில்லை. தோட்டத்திலோ டவுனிலோ இப்படி ஒரு வேலையில் இருந்துகொண்டு, சம்பளம் போதவில்லை, கேட்டுப் பார்க்கலாமா என்று யோசிப்பவர் என்னென்ன தயார் செய்துகொண்டு போக வேண்டும் என்பதுதான் விஷயம்.

முதலில் இரண்டு கணக்கைப் பிரித்துக்கொள்ளுங்கள். சாமான் விலை ஏறியது ஒரு கணக்கு, உங்கள் கைத்திறன் இன்னொரு கணக்கு. நம் ஆட்கள் இரண்டையும் கலந்துகொண்டு, கோழி விலை ஏறிப்போச்சு, முட்டை விலை ஏறிப்போச்சு, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க என்று போய் நிற்கிறார்கள். பொய் இல்லை. கோழிக்கு இருந்த உச்சவரம்பு விலை 2023 நவம்பரில் போனது, முட்டைக்கான மானியம் 2025 ஆகஸ்டில் நின்றது. ஆனால் தவுக்கே (முதலாளி) ஒரே வரியில் முடித்துவிடுவார்: எனக்கும்தான் ஏறிப்போச்சு. அதற்கு மேல் உங்களிடம் பேச்சு இருக்காது. விலைவாசிக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தைக் காட்டுங்கள், திறமைக்கு நீங்களே கணக்குக் காட்டுங்கள்.

சட்டக் கணக்கு சுலபம், ஒரு சம்பள சிலிப்பும் கால்குலேட்டரும் போதும். ஐந்து பேருக்கு மேல், அல்லது சரியாக ஐந்து பேர் வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதலும், அதற்கும் சின்ன இடங்களில் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதலும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65.38, எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 8.17. ஓட்டி (கூடுதல் நேர வேலை) செய்தால் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்குப் பன்னிரண்டு வெள்ளி (ரிங்கிட்) சொச்சம். குலைக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று வாங்குபவர்களுக்கு இது பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மாத முடிவில் அவர்களுக்கும் 1,700க்குக் குறையக் கூடாது. வெளிநாட்டுக்காரர்களுக்கும் அதே சட்டம்தான், ஆகவே 'வங்காளதேசிக்காரன் குறைச்ச காசுக்கு வருவான்' என்று பயம் காட்டுபவர் சட்டத்தை மீறுவேன் என்று தன் வாயாலேயே சொல்கிறார். கொடுக்காத முதலாளிக்கு ஒரு தொழிலாளிக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

ஒரே ஒரு பெரிய ஓட்டை, வீட்டு வேலை செய்பவர்களை இந்த ஆணை சேர்க்கவில்லை. பிறத்தியார் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பார்க்கிற, சமைக்கிற அக்காமார்களுக்குக் கீழே சொல்லும் நோட்டுப் புத்தகம்தான் கதி.

1,700 வருகிறது, அப்புறம் என்ன குறை என்பீர்கள். சேமநிதியான இபிஎஃப்புக்கு 187 போய், சமூகப் பாதுகாப்புச் சந்தாவான சொக்சோவும் போனால் கையில் 1,500 சொச்சம். 2022இல் அரசாங்கமே கணக்கிட்ட வறுமைக் கோடு ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக மாதம் 2,589 ரிங்கிட். ஒருவர் சம்பாதிக்கிற வீடு சட்டப்படி சம்பளம் வாங்கினாலும் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. அதனால்தான் திறமைக் கணக்கு தேவைப்படுகிறது.

சரி, நோட்டுப் புத்தகம். சாதாரணப் பள்ளிக்கூடப் புத்தகம் போதும். ஒரு வாரம், வேலை முடிந்ததும் ஒரே கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இன்று என் இடத்தில் புது ஆள் நின்றிருந்தால் எங்கே கெடுத்திருப்பார்? 'பொறுப்பாக வேலை செய்வேன், கடின உழைப்பாளி' என்றெல்லாம் எழுதாதீர்கள், அதை எல்லாரும் சொல்வார்கள், அதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

செம்பனை வெட்டுபவரை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதிகம் ஏளனம் வாங்குவது அந்த வேலைதான். ஒரு குலை பழுத்துவிட்டதா என்பதை மேலே பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது, மரத்தடியில் உதிரிப் பழம் விழுந்திருக்கிறதா, எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், நிறத்தையும் பார்க்க வேண்டும், இதெல்லாம் அரிவாள் கட்டிய நீளக் குழாயைத் தோளில் வைத்து நடந்துகொண்டே. பச்சைக் குலையை வெட்டினால் எண்ணெய் குறைவு, மில்லில் தரம் பார்க்கும்போது பிடித்துவிடுவார்கள். பழுத்ததை விட்டுவிட்டால் அடுத்த சுற்று வர பத்துப் பதினாலு நாள் ஆகும், அதற்குள் உதிர்ந்து, அமிலம் ஏறி, எண்ணெயின் தரம் போய்விடும். காம்பை நீளமாக விட்டால் எண்ணெய் இல்லாத எடை, அதற்கும் கழிவு (பிடித்தம்). குலை விழும் இடம் எது, தான் நிற்கும் இடம் எது என்று ஒவ்வொரு மரத்திலும் முடிவு செய்ய வேண்டும், முள்ளோடு இருபது கிலோ தலைக்கு மேலிருந்து வருகிறது. அலுமினியக் குழாய் மின்கம்பியில் பட்டால் ஆள் இல்லை. இதை 'யார் வேண்டுமானாலும் செய்யலாம்' என்பவரை ஒரு காலை நேரம் நிரைக்குள் (மர வரிசைக்குள்) கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் பாதுகாப்புக்கு யார் பொறுப்பேற்பது என்பதுதான் பிரச்சினை.

ஆகவே நோட்டில் இப்படி எழுதுங்கள்: இந்த வாரம் என் நிரையிலிருந்து போன குலைகளில் மில் பச்சை என்று ஒதுக்கியது இத்தனை, உதிரிப் பழம் பொறுக்காமல் விட்டது இல்லை, புதிதாக வந்தவருக்கு இரண்டு நாள் நான்தான் காட்டிக் கொடுத்தேன். எண் இருக்கட்டும், நாள் இருக்கட்டும். எண் தெரியாவிட்டால் மண்டோரிடமோ (மேற்பார்வையாளர்) கிராணியிடமோ (கணக்கர்) கேளுங்கள், அவர்களிடம் இருக்கும்.

பால் மரம் (ரப்பர்) சீவுகிறவர்களுக்கும் இதே போல. பட்டையில் ஆழம் போதாவிட்டால் பால் குறைவு, ஆழம் கூடிவிட்டால் உள்ளே இருக்கும் வளர் திசுவில் காயம் பட்டு, புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், பின்னால் அந்தப் பக்கம் சீவ வராது. அந்த ஒரு மில்லிமீட்டரை விடியாத இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் கை கண்டுபிடிக்கிறது. மருந்து அடிக்கும் பெண்களுக்கு அளவும் காற்றின் திசையும் தெரிந்திருக்க வேண்டும், தப்பினால் முதலில் பாதிக்கப்படுவது அவர்கள் உடம்புதான். அவர்கள் அடித்துக்கொண்டிருந்த பாராகுவாட் என்ற களைக்கொல்லி இந்த நாட்டில் 2020இல்தான் தடை செய்யப்பட்டது, அவ்வளவு நாள் எதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ கழுவுபவருக்கு, குளோராக்ஸையும் (பிளீச்) ஆசிட் கலந்த கழிவறைத் திரவத்தையும் ஒரே வாளியில் ஊற்றினால் விஷவாயு வரும் என்று தெரியும், மேலே ஆபீஸில் இருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சாப்பாட்டுக் கடை அடுப்படியில் நிற்பவருக்கு டைபாய்டு தடுப்பூசியும் உணவு கையாளும் பயிற்சியும் கட்டாயம், 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. பயிற்சி இல்லாமல் தொடவே கூடாது என்று சட்டம் சொல்லும் வேலைக்குத் திறமை வேண்டாம் என்றால் எப்படி?

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காலையில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைகளும் இருக்கின்றன. பெட்டியில் லேபிள் ஒட்டுவதை யாரும் ஒரு வருடம் படிப்பதில்லை. ஆனால் செய்யத் தெரிவது வேறு, நாள் முழுக்க அதே வேகத்தில், கெடுக்காமல், இடுப்பு போகாமல் செய்வது வேறு. அப்படிப்பட்ட வேலையில் இருப்பவர் திறமையை ஊதிப் பெருக்க வேண்டாம், எவ்வளவு நாள் தவறாமல் வந்தீர்கள், எவ்வளவு கழிவு குறைந்தது என்று மட்டும் காட்டுங்கள். அவர் வயிற்றுக்கும் அதே அரிசி விலைதான், 1,700 அவருக்கும் உரிமை.

அடுத்து மாற்று ஆள் கணக்கு. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். முதலாளி உங்கள் திறமைக்குக் காசு கொடுப்பதில்லை, நீங்கள் போனால் வரும் நட்டத்தைத் தடுக்கத்தான் கொடுக்கிறார். கடைசியாக ஒருவர் வேலையை விட்டுப் போனபோது என்ன நடந்தது என்று எழுதுங்கள்: புது ஆள் கிடைக்க எத்தனை வாரம், அதுவரை அந்த நிரையை யார் பார்த்தார்கள், புது ஆள் முழு அளவுக்கு வர எத்தனை மாதம். நீங்கள் கேட்கும் தொகை அந்த நட்டத்தை விடக் குறைவாக இருந்தால் பேச்சு நடக்கும். அதிகமாக இருந்தால் நடக்காது, எவ்வளவு நியாயமாக இருந்தாலும்.

சான்றிதழ் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வகுப்பில் உட்காராமல், அனுபவத்தை வைத்தே மலேசியத் திறன் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. எஸ்கேஎம் என்பார்கள், அனுபவ வழிக்குப் பெயர் பிபிடி, மனிதவள அமைச்சின் கீழ் இருக்கும் திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகே நடத்துகிறது. வேலை செய்யும் படம், பழைய சம்பள சிலிப், முதலாளி கடிதம் என்று ஆதாரக் கோப்பு சேர்க்க வேண்டும். உங்கள் நோட்டுப் புத்தகம் அங்கேயும் உதவும். சமையல், வயரிங், மோட்டார் பழுது, தையல் போன்றவற்றுக்கு இது நல்ல காகிதம், வேறு இடத்தில் வேலை தேடும்போது பேசும். பழம் வெட்டுபவருக்கு அந்தத் தாளைப் பார்த்தே தோட்டத்தில் டன் விலையை ஏற்றிவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. யாராவது ஏஜெண்டு பெரிய தொகை கேட்டு 'நாளைக்கே சர்ட்டிபிகேட்' என்றால் கதவைச் சாத்துங்கள்.

இனி கேட்பது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், பத்துப் பேர் முன்னால் கேட்காதீர்கள், அங்கே கேட்டால் அவர் முடியாது என்றுதான் சொல்லியாக வேண்டும். மண்டோரைத் தாண்டிப் போகாதீர்கள், முதலில் அவர் காதில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் காரியத்தைக் கெடுப்பதே அவராக இருக்கும். பழம் அதிகம் வரும் மாதங்களுக்குக் கொஞ்சம் முன்னால், கடை என்றால் தீபாவளி, நோன்புப் பெருநாள் நெருக்கடிக்கு முன்னால் போங்கள். பேச்சு இவ்வளவுதான்: "பாஸ், ஆறு மாதமாக என் நிரையில் பச்சைக் குலை என்று கழிவு வரவில்லை, இதோ எழுதி வைத்திருக்கிறேன். புதுசாக வந்த இரண்டு பேருக்கும் நான்தான் பழக்கினேன். உயரமான மரத்துக்கு டன்னுக்கு இவ்வளவு கூட்டிக் கொடுங்கள்." தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நம்மில் பலர் அங்கேதான் தாங்க முடியாமல் 'இல்லாவிட்டால் பாதியாவது' என்று தாமாகவே இறக்கிவிடுகிறோம்.

பணமாக முடியாது என்றால் வேறு கேளுங்கள். அரிவாளும் குழாயும் யார் காசில் வாங்குவது, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய்க் காசு, புது ஆளைப் பழக்கும் நாட்களுக்குப் படி. இதெல்லாம் மாதத்துக்கு நூறு வெள்ளியாவது மிச்சம் பண்ணும், முதலாளிக்கும் ஒத்துக்கொள்வது சுலபம்.

அப்புறமும் அசையவில்லை என்றால், உங்கள் சம்பளம் 1,700க்குக் குறைவா இல்லையா என்பதைப் பொறுத்து வழி பிரியும். குறைவு என்றால் கெஞ்சத் தேவையில்லை, சிலிப்புகளோடு லேபர் ஆபீஸுக்குப் போங்கள், வக்கீல் வேண்டாம், 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவில் அவர்களே விசாரிப்பார்கள். சிலிப் கொடுப்பதே இல்லை என்றால் அதுவும் ஒரு புகார்தான். தோட்டத்தில் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கிளை இருந்தால் அதன் தலைவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். சட்டப்படிதான் தருகிறார், கூட்டத்தான் மாட்டேன் என்கிறார் என்றால் புகாருக்கு இடமில்லை. அந்த நோட்டின் இரண்டு மூன்று பக்கத்தைப் போட்டோ எடுத்து, பக்கத்துத் தோட்டத்து மண்டோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கே டன்னுக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கையில் அடுத்த இடம் உறுதியாகும் வரை இங்கே எதையும் காட்டிக்கொள்ள வேண்டாம்.