நாட்டு வாத்து மந்தையில் முட்டை அதிகரிக்க ஆண் வாத்தை மட்டும் மாற்றுங்கள்

பெட்டைகளை விற்க வேண்டாம். நாட்டு ஆண் வாத்துகளைப் பிரித்துவிட்டு, 5 அல்லது 6 பெட்டைக்கு ஒரு காக்கி கேம்பல் ஆண் விடுங்கள். பழைய விந்து பெட்டையின் உடலில் சில நாள் தங்கும். அதனால் முதல் 3 வாரத்து முட்டைகளை அடைக்கு வைக்காமல் விற்றுவிடுங்கள்.

காக்கி கேம்பல் நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும் இனம். அந்தக் குணத்தில் பாதி குஞ்சுக்கு வரும். அறுவடை வயலில் மேய்ந்து திரிந்து தாக்குப்பிடிக்கும் திறன் தாயிடமிருந்து வரும். முழு மந்தையும் வாங்குவதைவிட இது எவ்வளவோ மலிவு.

கலப்புக் குஞ்சுகளையே மறுபடி இணை சேர்க்காதீர்கள், அடுத்த தலைமுறை ஒரே சீராக இருக்காது. கறிக்கு வளர்ப்பவர்களுக்கு வெள்ளை பெக்கின் ஆண்தான் சரி. மணிலா வாத்தைச் சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் மலடு. மேய்ச்சலில் பிற மந்தைகளோடு கலக்கும் வாத்துகளுக்கு இந்த முறை உதவாது.