சீட்டை எரித்தால் பாவம் போகாது: ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையில் இருக்கிறது எங்கள் சபை. பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ் மீடியம், பாதிப் பேர் மலையாள மீடியம். இந்த ஆண்டு விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் புதிதாக நான்கு பேர் கற்பிக்க வந்தார்கள். கல்லூரி முடித்த பிள்ளைகள், ஆர்வத்துக்குக் குறைவில்லை. மூன்றாம் நாள் பாடம், 'விசுவாசத்தால் பாவத்தை ஜெயிப்பது'. அதற்காக அவர்கள் சேர்த்து வைத்திருந்த சாமான்களைப் பார்த்தேன்: தெர்மாகோல் சிலுவை, குண்டூசி, வெட்டிய காகிதச் சீட்டுகள், ஒரு பழைய பெயிண்ட் வாளி, தீப்பெட்டி.

பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. பதினாறு வருடத்துக்கு முன் இதே சாமான்களோடு நான் நின்றிருக்கிறேன்.

அன்று மாலை அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆயத்தம் இல்லாமல் வகுப்புக்குப் போவது, ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வது, சத்தம் போடும் பிள்ளையை எல்லார் முன்பும் திட்டுவது, இதெல்லாம் தவறு என்று யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கறுப்பைப் பாவமாக்குவது

நிறப் புத்தகம் தெரியும் அல்லவா? எழுத்தே இல்லாமல் வெறும் நிறப் பக்கங்களை வைத்துச் சுவிசேஷம் சொல்வது. லண்டனில் ஸ்பர்ஜன் என்ற பிரசங்கியார் 1866-இல் ஒரு பிரசங்கத்தில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று பக்கங்களைக் காட்டினார். பிறகு டி. எல். மூடி என்ற அமெரிக்கப் பிரசங்கியார் 1875-இல் பொன் நிறத்தைச் சேர்த்தார். பச்சை அதற்கும் பின்னால் வந்தது. கறுப்பு என்றால் பாவம், வெள்ளை என்றால் கழுவப்பட்ட இருதயம். நானும் பல வருடம் அப்படியே சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு நாள் முன்வரிசையில் இருந்த சிறுமி தன் முழங்கையைக் கறுப்புப் பக்கத்தின் மேல் வைத்து நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அதோடு அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்தவன்தான், இன்னும் எடுக்கவில்லை.

இத்தனைக்கும் ஏசாயா 1:18-இல் பாவத்தின் நிறம் சிவப்பு. "சிவேரென்றிருந்தாலும்" என்றுதான் வசனம். நிறம் வேண்டுமானால் சாயம் ஒட்டிய துணியைக் காட்டுங்கள். கறுப்பைக் கொண்டுவர வேண்டிய தேவையே இல்லை.

நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவது

வேண்டாம். பயந்த பிள்ளை கை தூக்கும், ராத்திரி படுக்கையையும் நனைக்கும்.

ஒரே நாளில் பாவம் ஒழிந்துவிடும் என்று சொல்வது

இதுதான் நான் செய்ததிலேயே பெரிய தவறு. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பிள்ளைகளிடம் சீட்டுக் கொடுத்து, "நீங்க செஞ்ச பாவத்தை எழுதுங்க, யாரும் படிக்க மாட்டோம்" என்றேன். எழுதினார்கள். சிலுவையில் குத்தினார்கள். ஜெபம் செய்தோம். பிறகு எல்லாச் சீட்டுகளையும் வாளியில் போட்டுக் கொளுத்தினேன். தீ எரியும்போது கைத்தட்டல், பாட்டு. "இனி அந்தப் பாவம் உங்ககிட்ட வராது மக்களே!" என்று நான்தான் சொன்னேன்.

மூன்று நாள் கழித்து பதினோரு வயதுப் பையன் ஒருவன் கிணற்றுப் பக்கம் என்னைத் தனியாகப் பிடித்தான். அவன் அம்மாவுக்கு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில் வேலை. சனிக்கிழமை கூலி வாங்கி வந்ததும் அவள் பர்ஸிலிருந்து பத்து ரூபாய் எடுப்பது அவனுக்குப் பழக்கம். "சாரே, பின்னயும் எடுத்துப்போட்டேன்" என்றான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன். சொன்னது இதுதான்: "அப்போ நீ உண்மையா விசுவாசிக்கல போல. இன்னும் நல்லா ஜெபம் பண்ணு."

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. வீட்டுக்குப் போனேன், அம்மாவுக்கும் காரணம் தெரியவில்லை. ஏழெட்டு வருடம் கழித்துக் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் வளர்ந்த பையனாகப் பார்த்தேன். டீ குடித்தோம். அவனே எடுத்தான்: "அண்ணைக்கு எனக்க சீட்டு முழுசா எரியல்ல சாரே. வாளிக்க அடியில பாதி கெடந்தத நான் பாத்தேன். அதனாலதான் போகல்லன்னு நெனச்சேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத் தேநீர் இறங்கவில்லை.

தவறு எங்கே என்று யோசித்தால், பாவத்தின் தண்டனையையும் பாவத்தின் வல்லமையையும் பாவம் நம் பக்கத்தில் இருப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன். மூன்றும் வேறு வேறு. மன்னிப்பில் தண்டனை நீங்குகிறது. கிறிஸ்துவோடு இணைக்கப்பட்டவன்மேல் பாவம் ஆளுகிற அதிகாரம் முறிகிறது. ஆனால் பாவம் அக்கம்பக்கத்தில் இல்லாமலே போவது பரலோகத்தில்தான். ரோமர் 6:14 "பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது" என்று சொல்கிறது, உங்களைச் சீண்டிப்பார்க்காது என்று சொல்லவில்லை. முழுப் பரிசுத்தத்தை வலியுறுத்திய மெதடிஸ்ட் தலைவர் வெஸ்லியும் அவர் வழியில் வந்த இரட்சணிய சேனையும்கூட, சோதனையே வராது என்று போதித்ததில்லை. அவர்களே சொல்லாததை நான் ஒரு பெயிண்ட் வாளியை வைத்துச் சொல்லிவிட்டேன்.

சாட்சிக் கதைகளிலும் இதே குளறுபடி. 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் கதையை நாம் எப்படிச் சொல்கிறோம்? அடிமை வியாபாரக் கப்பல், புயல், மனந்திரும்புதல், அன்றே எல்லாவற்றையும் விட்டுவிட்டார், பாட்டு எழுதினார், ஆமென். நடந்தது வேறு. புயல் 1748-இல். அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலுக்கே கேப்டன் ஆனார். 1754-இல் கடல் பயணத்தை நிறுத்தியதும் உடம்பு சரியில்லாமல் போனதால்தான். அந்த வியாபாரத்தைப் பகிரங்கமாகக் கண்டித்து எழுதியது 1788-இல். நாற்பது வருடம்! இதைச் சொன்னால் பிள்ளைகளின் விசுவாசம் கெட்டுப்போகும் என்று ஒரு ஆசிரியை என்னிடம் கவலைப்பட்டார். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. பர்ஸிலிருந்து மறுபடி எடுத்த பையனுக்கு அந்த நாற்பது வருடக் கதைதான் தேவைப்பட்டது.

சரி, அதிகாரம் முறிந்தது, ஆனாலும் இழுப்பு இருக்கிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது? முதலில் எனக்குத் தோன்றியது நம் ஊர் எல்லைதான். 1956 அக்டோபர் 31 ராத்திரி வரை களியக்காவிளை இருக்கும் விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது, நவம்பர் 1 விடிந்தபோது மதராஸ் மாநிலத்தில் இருந்தது. வீடு அங்கேயே, ஆள் அதே ஆள், பேச்சில் மலையாளமும் அப்படியே. ஆனால் பழைய அதிகாரிக்கு இனி அந்த வீட்டில் வேலை இல்லை. இருளின் அதிகாரத்திலிருந்து குமாரனுடைய ராஜ்யத்துக்கு என்று கொலோசெயரில் வருவதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா என்று பெருமையோடு சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சாரே, அப்போ கேரளாதான் பாவமா?" அவள் வீடு பாறசாலை. எங்கள் சபை நிற்கிற மண்ணும் கேரளம்தான்!

அதோடு அந்த உதாரணத்தையும் மூட்டைகட்டினேன்.

இப்போது சொல்வது அடிமைத்தன ஒழிப்பை. திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்து 1855-இல் அரசுப் பிரகடனம் வந்தது. எழுத்தில் எல்லாரும் சுதந்திரம். ஆனால் பாதையில் நடக்க? அடிமைகளாக நடத்தப்பட்ட மக்களிலிருந்து வந்த தலைவர் அய்யன்காளி 1893-இல் வெங்ஙானூர்ப் பக்கம் வில்லுவண்டி என்ற மாட்டுவண்டியில் ஏறிப் பொதுப் பாதையில் போனபோதும் தடுத்தார்கள். பிரகடனம் வந்து முப்பத்தெட்டு வருடம்! பழைய எஜமானுக்கு உரிமை போய்விட்டது, அதட்டல் போகவில்லை. அந்த அதட்டலைக் கேட்டு ஒதுங்கி நிற்க வேண்டிய கட்டாயம் இனி இல்லை என்று நம்பி, பாதையில் கால் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது. வெங்ஙானூர் தூரமும் இல்லை. ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்லிவிடுங்கள்: இந்தக் கதையில் அநியாயம் தடுத்தவர்கள் பக்கம். அடிமையாக இருந்தவர்களைப் பாவிகளாக்கும் கதை இல்லை இது.

இந்த உதாரணத்துக்கும் ஒரு ஓட்டை உண்டு. வண்டி ஏறத் துணிச்சல் வேண்டுமே, எனக்கு அது இல்லையே என்று பிள்ளை நினைத்துவிடும். அங்கேதான் விசுவாசம் என்ற சொல்லுக்கு வர வேண்டியிருக்கிறது.

விசுவாசம் என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். தமிழ் மீடியம் பையன் உடனே, "நாய்க்கு உள்ளது" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் சொன்னதில் பிழை இல்லை. நாம் தமிழில் அன்றாடம் அந்தச் சொல்லை நன்றி மாறாத குணத்துக்குத்தான் சொல்கிறோம். அந்த அர்த்தத்தோடு கேட்டால், கடவுளுக்கு நன்றியுள்ள நல்ல பிள்ளையாக இருந்தால் பாவத்தை ஜெயிக்கலாம் என்றுதான் காதில் விழும். எல்லாம் பிள்ளையின் தலையில். மலையாள மீடியம் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. "என்னெ விஸ்வாசமில்லே?" என்று அங்கே கேட்டால், என்னை நம்பவில்லையா என்று பொருள். அன்றிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளிடமும் 'நம்பிச் சாய்வது' என்று விளக்கம் சொல்லிவிட்டே அந்தச் சொல்லை எடுக்கிறேன்.

பிறகு குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சிக் கூட்டத்தைக் கேட்பேன். "அந்த நெரிசல்ல நீ அப்பா கையைப் பிடிச்சியா, அப்பா உன் கையைப் பிடிச்சாரா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இரண்டும்தான் என்பார்கள். "பஞ்சுமிட்டாயைப் பாத்து நீ கையை விட்டா?" "அப்பா விட மாட்டாரு." அவ்வளவுதான் பாடம். பிள்ளையின் பிடி இறுக்கமா தளர்வா என்று அளந்து பார்க்க நாம் யார்? "நீ உண்மையா விசுவாசிக்கல" என்று நான் அந்தப் பையனிடம் சொன்னது அவன் பிடியை அளந்த வேலை.

அன்று கிணற்றடியில் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "நீயே வந்து சொன்னல்லா, அதுவே பாவத்துக்கு உன்மேல அதிகாரம் இல்லங்கதுக்கு அடையாளம். வா, ரெண்டு பேருமா அம்மாகிட்ட போவோம்." ஒளித்து வைக்கும் வரைக்கும்தான் அந்தப் பழக்கத்துக்குப் பலம். 1 யோவான் 1:9 அறிக்கையிடச் சொல்கிறது, மன்னிப்பையும் சுத்திகரிப்பையும் அவர் பொறுப்பில் வைக்கிறது. எடுத்த காசைத் திருப்பிக் கொடுப்பதையும் விடக் கூடாது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்தது இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகு. இயேசுவை வீட்டுக்கு வரவைக்கக் கொடுத்த முன்பணம் இல்லை. அந்த வரிசை மாறிவிடாமல் சொல்லிக்கொடுங்கள்.

நட்சத்திர அட்டவணை

பொய் சொல்லாத நாளுக்கு ஒரு ஸ்டார் கொடுத்தால், ஸ்டாருக்காகப் பொய் சொல்வார்கள். எங்கள் வகுப்பில் சொன்னார்கள்.

அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பாவிக்கு உதாரணமாக்குவது

விடுமுறைப் பள்ளிக்கு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள், பாட்டுக்காகவும் பன்னுக்காகவும். விக்கிரகம், கோயில் என்று பேசி ஒரு பிள்ளையின் வீட்டைக் குத்திக் காட்டாதீர்கள். பாவம் என்று பேச நம் வீட்டிலேயே போதுமான சரக்கு இருக்கிறது. அவர்களைக் கை தூக்கச் சொல்லி நெருக்காதீர்கள், பெற்றோருக்குத் தெரியாமல் எதுவும் செய்யாதீர்கள்.

பிள்ளை சொல்வதையெல்லாம் அதன் பாவம் என்று எடுத்துக்கொள்வது

சீட்டுமுறையை நான் அடியோடு விட்டதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தனக்கு ஒரு பெரியவர் செய்த கெட்ட காரியத்தைத் தன் பாவம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வதுண்டு. அதை எழுதி, மடித்து, எரித்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு உதவி கிடைக்கும் ஒரே வழியையும் எரித்தோம். அப்படி ஒன்று காதில் விழுந்தால் முதல் வார்த்தை, "இது உன் தப்பு இல்ல மக்களே". மன்னித்துவிடு என்று அவசரப்படுத்தாதீர்கள். சபைப் பெயர் கெடும் என்று மூடவும் செய்யாதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் வருட போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கான உதவி எண்ணான சைல்டுலைன் 1098. எல்லையின் எந்தப் பக்கம் இருந்தாலும் அதே எண்.

ஆசிரியர் தன்னைப் பரிசுத்தவானாகக் காட்டுவது

உங்கள் கோபத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

இவ்வளவையும் கேட்ட பிறகு புதியவர்களில் ஒருத்தி, "அப்போ இந்த வாளிய என்ன செய்ய சாரே?" என்றாள். மூன்றாம் நாள் அதில் எலுமிச்சை ஜூஸ் கலக்கலாமா என்று இன்னொருத்தன் கேட்டான். பெயிண்ட் வாளி, வேண்டாம் என்றேன். தீப்பெட்டியை மட்டும் என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.