நோவையில் வீடு வாங்குமுன் மண்டல வரைபடம் பாருங்கள்

மிச்சிகனில் டெட்ராய்ட் பக்கம் வேலை கிடைத்து வரும் தமிழ்க் குடும்பங்கள் வீடு தேடும் ஊர்களில் நோவை ஒன்று. 2020 கணக்கெடுப்பில் 66,000 பேர் சொச்சம். தெற்கே எட்டாம் மைல் சாலை, வடக்கே பதினான்காம் மைல் சாலை, கிழக்கே ஹாகர்ட்டி, மேற்கே நேப்பியர்: ஏறக்குறைய இந்தச் சதுரம்தான் நகரம். வீடு பார்க்கப் போகிறவர்கள் பள்ளி எப்படி, வாசல் எந்தத் திசை, பேஸ்மென்ட் முடித்திருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறார்கள். மனை எந்த மண்டலம் (சோனிங்: எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற நகர வகைப்பாடு), அதற்குப் பின்னால் உள்ள காலி நிலம் எந்த மண்டலம் என்று கேட்பவர் குறைவு. ஊரில் டிடிசிபி அப்ரூவலா என்று கேட்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. அந்தக் கவனம் இங்கேயும் வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். தபால் முகவரி, பள்ளி மாவட்டம், நகர எல்லை ஆகிய மூன்றும் இங்கே வெவ்வேறு கோடுகள். நோவை நகரத்துக்குள் இருக்கும் சில வீடுகளின் முகவரியில் நார்த்வில் என்றிருக்கும். நகரத்தின் சில பகுதிகளில் வசிக்கும் பிள்ளைகள் நார்த்வில், வால்ட் லேக், சவுத் லயன் பள்ளி மாவட்டங்களுக்குப் போகிறார்கள். நோவை டவுன்ஷிப் என்ற பெயரில் தனி நிர்வாகமாக ஒரு துண்டு நிலமும் உண்டு. மண்டல விதியைத் தீர்மானிப்பது நகர எல்லை மட்டுமே. சொத்து வரிச் சீட்டில் உள்ள மனை எண் 50-22 என்று தொடங்கினால் அது நோவை நகரம். அந்த எண்ணை வைத்து நகரத்தின் இணைய வரைபடத்தில் மனையைத் தேடினால் மண்டல எழுத்து தெரியும்.

எழுத்துகளில் குடும்பங்களுக்கு முக்கியமானவை ஆர் வரிசை. ஒவ்வொன்றும் ஒரு மனை குறைந்தது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஆர்ஏ என்றால் ஒரு ஏக்கர். ஆர்-1 என்றால் 21,780 சதுர அடி, அதாவது சரியாக 50 சென்ட். முகப்பு அகலம் 120 அடி. ஆர்-2 என்றால் 18,000 சதுர அடி, 110 அடி அகலம். ஆர்-3 என்றால் 12,000 சதுர அடி, நம் கணக்கில் ஐந்து கிரவுண்டு. அகலம் 90 அடி. ஆர்-4 என்றால் 10,000 சதுர அடி, 80 அடி அகலம். ஆர்டி இரட்டை வீடுகளுக்கு. ஆர்எம்-1, ஆர்எம்-2 இரண்டும் அடுக்ககங்களுக்கு. கடைகளுக்கு பி வரிசை, அலுவலகங்களுக்கு ஓஎஸ் வரிசை, தொழிற்கூடங்களுக்கு ஐ-1, ஐ-2. ட்வெல்வ் ஓக்ஸ் மால் இருப்பது ஆர்சி, அதாவது பெரிய வணிக மையம். நோவை ரோடும் கிராண்ட் ரிவரும் சந்திக்கும் பகுதி டிசி, அதாவது நகர மைய வகை. ஹாகர்ட்டி சாலையோர அலுவலக வளாகங்கள் ஓஎஸ்டி, அதாவது அலுவலகம், தொழில்நுட்பம்.

இவற்றில் ஆர்ஏ பலரை ஏமாற்றும். ஒரு ஏக்கருக்கு ஒரு வீடு என்று படித்துவிட்டு, பின்னால் உள்ள காலி ஆர்ஏ நிலம் என்றைக்கும் இப்படியே பச்சையாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் யாரும் கட்டாத நிலம் பெரும்பாலும் ஆர்ஏ எழுத்திலேயே காத்திருக்கும்; பில்டர் வந்ததும் மண்டலத்தை மாற்றக் கேட்பார். ஆகவே மண்டல வரைபடத்தோடு மாஸ்டர் பிளானில் உள்ள எதிர்கால நிலப் பயன்பாட்டு வரைபடத்தையும் பாருங்கள். இன்றைக்கு என்ன செய்யலாம் என்பதை மண்டல வரைபடம் சொல்லும். நாளைக்கு நகரம் அங்கே எதை விரும்புகிறது என்பதை மாஸ்டர் பிளான் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாத நிலம் உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தால் விலை பேசும்போது அதையும் கணக்கில் எடுங்கள். உங்கள் மனையின் எழுத்தைவிட அண்டை மனையின் எழுத்துதான் பின்னாளில் அதிகம் தொந்தரவு தரும்.

அளவில் எங்கே தவறுகிறார்கள்

செட்பேக் என்பது மனை எல்லைக்கோட்டிலிருந்து கட்டடம் விட்டு நிற்க வேண்டிய தூரம். ஆர்-4 மனையில் முன்னால் 30 அடி, பின்னால் 35 அடி, பக்கவாட்டில் ஒரு புறம் குறைந்தது 10 அடி, இரு புறமும் சேர்த்து 25 அடி. ஆர்-1, ஆர்-2 என்றால் பக்கவாட்டில் குறைந்தது 15, மொத்தம் 40. கட்டடங்கள் மனையில் 25 விழுக்காட்டுக்கு மேல் மூடக்கூடாது. 10,000 சதுர அடி மனையில் வீடு, கராஜ், ஷெட் எல்லாம் சேர்ந்து 2,500 சதுர அடிக்குள் அடங்க வேண்டும். பெரிய வீடாகப் பார்த்து வாங்கி, பிறகு ஒரு அறை இழுத்துக்கட்ட நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அளவு தொடங்கும் இடமும் முக்கியம். சாலையின் சிமென்ட் விளிம்பிலிருந்து அளக்கக்கூடாது. நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே நீங்கள் வெட்டிப் பராமரிக்கும் புல்வெளி பொதுவாக நகரத்தின் சாலை நிலம். உங்கள் எல்லை அதற்கு உள்ளே தொடங்கும். கடன் வாங்கும்போது வங்கி எடுக்கும் மார்ட்கேஜ் சர்வேயை நம்பி வேலி போடாதீர்கள். அது தோராயப் படம். முளை அடித்துத் தரும் எல்லை சர்வே வேறு, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். மூலை மனையாக இருந்தால் இரண்டு தெருவுமே முன்பக்கமாகக் கணக்காகும். பின்முற்றம் பெரிதாகத் தெரிந்தாலும் கட்டக்கூடிய இடம் சுருங்கிவிடும்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு டெக்கில், அதாவது வீட்டை ஒட்டிப் போடும் மேடைத்தளத்தில். கூரையில்லாத டெக்குக்குப் பின்பக்கத் தூரத்தில் கொஞ்சம் சலுகை உண்டு. அதன்மேல் கூரை போட்டு, கொசுவலை அடித்து சன்ரூம் ஆக்கினால் அது வீட்டின் பகுதி. அப்போது 35 அடி முழுமையாகப் பொருந்தும். ஷெட் பின்முற்றத்தில்தான் வைக்கலாம்; எல்லையிலிருந்து 6 அடி, வீட்டிலிருந்து 10 அடி. 200 சதுர அடிக்குள் ஒற்றைத்தளத் தனி ஷெட்டுக்கு மாநிலக் கட்டட விதிப்படி பெர்மிட் வேண்டாம். அதைக் கேட்டுவிட்டு எல்லையை ஒட்டி வைத்துவிடுகிறார்கள். பெர்மிட் விலக்கு கட்டட விதிக்கு மட்டும். செட்பேக் அப்படியே இருக்கும்.

நகரம் சரி என்றாலும் ஹெச்ஓஏ (குடியிருப்பு வீட்டுக்காரர்கள் சங்கம்) மறுக்கலாம். அது தனியார் ஒப்பந்தம். வேலியின் உயரம், ஷெட், வெளிச்சுவர் நிறம் எல்லாவற்றிலும் நகரத்தைவிடக் கறாரான விதிகள் அதில் இருக்கும். இரண்டு இடத்திலும் எழுத்தில் வாங்குங்கள், முதலில் ஹெச்ஓஏ.

பின்னால் மரங்கள் அடர்ந்த மனை நோவையில் நிறைய. அழகுதான், ஆனால் உங்கள் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதியில் மார்பளவு உயரத்தில் 8 அங்குலம் அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள மரத்துக்கு நகர அனுமதி வேண்டும். 36 அங்குல மரமென்றால் எங்கே நின்றாலும் வேண்டும். சதுப்பு நிலத்தைச் சுற்றி 25 அடி தொடக்கூடாத பட்டை. கிரிக்கெட் ஆட இடம் கிடைக்கும் என்று நினைத்து வாங்கிய பின்முற்றத்தில் பாதி இதில் போய்விடும்.

வீட்டிலிருந்து தொழில்

பரதநாட்டியம், வீணை, மிருதங்கம் கற்றுக்கொடுப்பவர்களுக்கு நல்ல செய்தி. மிச்சிகனின் 2006ஆம் ஆண்டு மண்டலச் சட்டம், தனி வீட்டில் குடியிருப்பவர் அதே வீட்டுக்குள் கலையோ கைத்தொழிலோ கற்றுக்கொடுப்பதற்கு ஒவ்வொரு ஊரும் இடம் தர வேண்டும் என்கிறது. நகரம் அடியோடு தடுக்க முடியாது. ஆனால் சத்தம், வாகன நிறுத்தம், நேரம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தலாம். புகார் வருவது பெரும்பாலும் சலங்கைச் சத்தத்தால் அல்ல. ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் நேரத்தில் தெருவில் வரிசை கட்டும் கார்களால். வகுப்புகளுக்கு நடுவே கால் மணி இடைவெளி விட்டால் பாதித் தொல்லை தீரும்.

உரிமம் பெற்று ஆறு பிள்ளைகள் வரை வைத்துப் பார்க்கும் குழந்தைக் காப்பகமும் மாநிலச் சட்டப்படி குடியிருப்புப் பயன்பாடுதான். உணவு விற்பனை வேறு கதை. மண்டலம் அனுமதித்தாலும், இட்லி மாவு, சாம்பார் போலக் குளிரில் வைக்க வேண்டியவற்றை வீட்டுச் சமையலறையில் செய்து விற்க மாநில உணவுச் சட்டம் இடம் தராது. வீட்டில் பூஜை, பஜனை நடத்த யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீட்டையே வழிபாட்டு மன்றமாக மாற்ற நினைத்தால் சிறப்புப் பயன்பாட்டு அனுமதி, பார்க்கிங், பொது விசாரணை எல்லாம் வரும்.

விதிவிலக்கு கேட்பது

விதிக்குள் அடங்கவில்லை என்றால் சோனிங் போர்டு ஆஃப் அப்பீல்ஸ் என்ற மேல்முறையீட்டுக் குழுவிடம் வேரியன்ஸ், அதாவது விதிவிலக்கு, கேட்கலாம். தூரம், உயரம் போன்ற அளவு விஷயத்தில் நடைமுறைச் சிக்கல் இருப்பதைக் காட்ட வேண்டும். சிக்கல் மனையில் இருக்க வேண்டும், உங்களிடம் அல்ல. மனை ஆப்பு வடிவில் குறுகுகிறது, நடுவே பள்ளம், விதி வருமுன்பே பிரிக்கப்பட்ட குறுகல் மனை என்றால் கேட்பார்கள். அம்மா அப்பா ஆறு மாதம் வந்து தங்குகிறார்கள், இடம் போதவில்லை என்பது உண்மையாக இருந்தாலும் அங்கே எடுபடாது. முன்பே கட்டிவிட்டுப் போய் நின்றால் சிக்கலை நீங்களே உண்டாக்கியதாகச் சொல்வார்கள். வால்ட் லேக் ஏரிக்கரையில் பழைய கோடை வீடுகளுக்காகப் பிரித்த ஒடுக்கமான மனைகள் உண்டு. அங்கே வாங்குபவர்கள் வீட்டை இடித்துக் கட்டும்போது வேரியன்ஸ் இல்லாமல் முடிவது கடினம் என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்.

தபாலில் நகரத்திலிருந்து பொது விசாரணை அறிவிப்பு வந்தால் விளம்பரக் கடிதம் என்று குப்பையில் போடாதீர்கள். 300 அடிக்குள் ஏதோ கேட்கப்படுகிறது என்று அர்த்தம். குறைந்தது 15 நாள் முன்பு அனுப்ப வேண்டும். சொந்த வீட்டுக்காரர், வாடகைக்கு இருப்பவர் இருவருக்கும் வரும். குடியுரிமை, கிரீன் கார்டு எதுவும் இல்லாமலேயே போய்ப் பேசலாம், எழுதியும் கொடுக்கலாம். வீட்டு விலை இறங்கும் என்பதைவிடத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், லாரி எந்த வழியாக வரும் என்று கேட்பது அதிகம் பலிக்கும்.

மண்டல மாற்றம் என்றால் திட்டக் குழு விசாரித்துப் பரிந்துரைக்கும். முடிவு நகர மன்றத்தின் கையில். மாற்றக் கேட்கும் நிலத்தைச் சுற்றி 100 அடிப் பட்டையில் 20 விழுக்காடு நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் கையெழுத்திட்டு எதிர்ப்பு மனு கொடுத்தால், மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்படும். இந்த மனுவில் வாடகைதாரர் கையெழுத்து செல்லாது. மேல்முறையீட்டுக் குழுவின் முடிவை எதிர்க்க சர்க்யூட் நீதிமன்றத்துக்குப் போகலாம். தலைவர் கையெழுத்திட்ட எழுத்து முடிவு வந்ததிலிருந்து 30 நாள், அல்லது கூட்டக் குறிப்பு ஏற்கப்பட்டதிலிருந்து 21 நாள்; இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுதான் கெடு. அதற்குள் வழக்கறிஞர் மனுவைத் தாக்கல் செய்திருக்க வேண்டும்.